தோசைக்கல்லில் ப்ருஸ்கெட்டா... சம்மர் பார்ட்டியில் நீங்களும் ஹாலில் உட்காரலாம்!

பழைய பிரெட், பழுத்த தக்காளி, ரெண்டு பல் பூண்டு. இத்தாலிய விவசாயிகளின் இந்த எளிய ஸ்நாக்ஸை மேடவாக்கம் வெயிலில், நமத்துப் போகாமல் செய்வது எப்படி? ஏ டு இஸட் கைடு!

மே மாத சனிக்கிழமை சாயங்காலம். சோழிங்கநல்லூர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், பக்கத்து ஃப்ளாட் ஆட்கள்னு எட்டு பேர் வீட்டுக்கு வர்றாங்க. ஹாலில் ஏசி ஓடுது, அரட்டை களைகட்டுது. ஆனா விருந்து கொடுக்கிறவங்க எங்கே? கிச்சன்ல, கொதிக்கிற எண்ணெய் சட்டி முன்னாடி. 'சூடா இருந்தாத்தான் பஜ்ஜி நல்லாருக்கும்'னு ஒவ்வொரு ஈடா போட்டுப் போட்டு அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. கடைசி ஈடு வெந்து அவங்க வெளிய வரும்போது, வந்தவங்க கிளம்பத் தயாரா நிற்பாங்க. பெரும்பாலான வீடுகளில் அந்த 'அவங்க' அம்மாவோ மனைவியோதான்னு தனியா சொல்லணுமா என்ன?

அக்னி நட்சத்திர நாட்களில் இந்த மெனுவை மாத்தியே ஆகணும். அதுக்கு ஒரு நல்ல வழிதான் ப்ருஸ்கெட்டா. அடுப்பு வேலை மொத்தமே இருபது நிமிஷம். அதையும் விருந்தாளி காலிங் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம். மிச்ச வேலையை வந்தவங்களே சிரிச்சுக்கிட்டே செஞ்சுப்பாங்க.

ப்ருஸ்கெட்டான்னா என்ன?

ரொம்ப சிம்பிள். தடிமனா வெட்டின பிரெட்டை நெருப்பில் சுட்டு, அது சூடா இருக்கும்போதே பச்சைப் பூண்டைத் தேய்ச்சு, மேல ஆலிவ் ஆயில் ஊத்தி, உப்பு தூவினா அதான் ஒரிஜினல் ப்ருஸ்கெட்டா. தக்காளி அதுக்கு அப்புறம் வந்து சேர்ந்த விருந்தாளி.

ரோம் வட்டாரப் பேச்சில் 'ப்ருஸ்காரே' என்றால் கரி நெருப்பில் சுடுவது. அதிலிருந்து வந்த பெயர் இது. டஸ்கனி பகுதியில் இதையே 'ஃபெத்துன்தா'ன்னு சொல்றாங்க, அதாவது 'எண்ணெய் பூசிய துண்டு'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே ஆலிவ் அறுவடை. செக்கிலிருந்து அப்போதான் இறங்கின புது எண்ணெய் எப்படி இருக்குன்னு ருசி பார்க்க, சுட்ட பிரெட்டில் ஊத்திச் சாப்பிடுவது அங்கே வழக்கம். காய்ஞ்சு போன பிரெட்டை வீணாக்காம சாப்பிடறதுக்கும் அதுதான் வழி. ஆக, ஸ்டார் ஹோட்டல் மெனுவில் பந்தாவா உட்கார்ந்திருந்தாலும் இது அடிப்படையில் ஏழை வீட்டுச் சாப்பாடு. நம்ம ஊர் பழைய சோறு மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்!

தக்காளி அமெரிக்கக் கண்டத்தின் செடி. ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ம் நூற்றாண்டில்தான். 1690-களில் நேப்பிள்ஸில் வெளியான அன்டோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளி சாஸுக்கான ஆரம்பகால செய்முறை ஒன்று இருக்கு. நம்ம ரசமும் தக்காளி வர்றதுக்கு முன்னாடி புளியை நம்பித்தானே இருந்தது!

அப்புறம், உச்சரிப்பு. 'புருஷெட்டா' இல்லை, 'ப்ருஸ்கெட்டா'. இத்தாலிய எழுத்தில் 'சி.ஹெச்' வந்தா 'க' சத்தம். 'பினோக்கியோ'ன்னு சரியா சொல்றோம்ல, அதே கணக்குதான்.

எந்த பிரெட் வாங்கணும்?

மேல் ஓடு கெட்டியா, உள்ளே ஓட்டை ஓட்டையா, இனிப்பு இல்லாம இருக்கணும். பகெட், சவர்டோ ரெண்டும் பெஸ்ட். ஆனா நம்ம ஏரியா பேக்கரிகளில் சாதாரணமா கிடைப்பது மில்க் பிரெட்டும் பன்னும்தான். அதில் சர்க்கரை, பால் இருப்பதால் சீக்கிரம் கருகும், தக்காளி பட்டதும் குழையும். வேற வழி இல்லைன்னா, ஸ்லைஸ் போடாத முழு பிரெட்டா கேட்டு வாங்கி, நீங்களே ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டிக்கோங்க. தீயைக் குறைச்சு, கொஞ்சம் கூடுதல் நேரம் சுட்டு எடுங்க.

ஈ.சி.ஆர் வழியா பாண்டிச்சேரி ட்ரிப் போறீங்களா? அங்கேயிருந்து பகெட் வாங்கிட்டு வாங்க. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் என்பதால், பிரெஞ்சு பாணி பிரெட் இன்னமும் அங்கே விசேஷம். வந்ததும் துண்டு போட்டு, காத்து புகாத கவரில் ஃப்ரீசரில் வெச்சுட்டா அடுத்த வார பார்ட்டிக்கு ரெடி. இலங்கைத் தமிழர்கள் வீட்டில் சாப்பிட்டிருந்தா 'ரோஸ்ட் பாண்' தெரிஞ்சிருக்கும். தட்டையா, மொறுமொறு ஓட்டோட இருக்கும் அதுவும் இதுக்கு அருமையா செட் ஆகும்.

ஒரு விஷயம் முக்கியம். பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. அந்தக் குளிரில் பிரெட்டில் இருக்கிற ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி, வெளியில் இருப்பதைவிட வேகமா வறண்டு போகும். ஃப்ரீசரில் அந்தப் பிரச்னை இல்லை.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். 'பழைய பிரெட்' வேற, 'பூஞ்சை பிடிச்ச பிரெட்' வேற. நேத்து வாங்கி காய்ஞ்சு போனது ஓகே. எங்கேயாவது பச்சையா, வெள்ளையா புள்ளி தெரிஞ்சா, அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாம பூஞ்சை உள்ளேயும் பரவியிருக்கும். முழுசா தூக்கிப் போட்டுடுங்க.

நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா?

நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் வாசனையும் அதிகம், தண்ணியும் அதிகம். பெங்களூர் தக்காளி சதைப்பற்றா இருக்கும், தண்ணி குறைவு, ஆனா சுவை கொஞ்சம் சப்புன்னு இருக்கும். ரெண்டும் பாதிப் பாதி எடுத்தா கச்சிதம். பெங்களூர் மட்டும்தான் கிடைச்சதுன்னா, நல்லா சிவந்ததா பொறுக்கி, கடைசியில் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்க.

குளிரில் தக்காளியின் வாசனை மங்கிடும். அதனால பார்ட்டிக்கு வாங்கினதைக் கூடையிலேயே வெச்சுக்கோங்க. ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் இருந்தா, வெட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்துடுங்க.

எண்ணெய் பாட்டிலில் என்ன எழுதியிருக்கு?

ஆலிவ் ஆயில் வாங்கப் போனா ஷெல்ஃபில் மூணு, நாலு வகை இருக்கும். 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்பது பழத்தை அரைச்சு அப்படியே எடுத்தது. அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் தர அளவு. 'போமேஸ்' என்பது பிழிஞ்ச சக்கையிலிருந்து மறுபடி எடுத்து சுத்திகரிச்சது. 'லைட்'ன்னு இருந்தா கலோரி கம்மின்னு நினைக்காதீங்க. நிறமும் சுவையும்தான் லைட், கொழுப்பு அதேதான். போமேஸும் லைட்டும் சமைக்க ஓகே. ப்ருஸ்கெட்டாவில் எண்ணெயைப் பச்சையா ஊத்துறோம், அதனால எக்ஸ்ட்ரா விர்ஜின்தான் சரி. இருக்கிறதிலேயே சின்ன பாட்டில் போதும்.

பட்ஜெட் இடிக்குதா? மரச்செக்குக் கடலை எண்ணெய் ஊத்துங்க. இத்தாலி வாசனை வராதுதான், ஆனா வறுத்த கடலை மணத்தோட அது வேற லெவல் டேஸ்ட். செக்கில் ஆட்டின எண்ணெயைப் பிரெட்டில் ஊத்தி ருசிப்பதுதானே இதோட ஒரிஜினல் ஐடியா!

பேசில் இலையை எங்கே தேடுறது?

ரோஸ்மில்க்கிலும் சர்பத்திலும் மிதக்கிற சப்ஜா விதை தெரியும்ல? அது பேசில் செடியோட விதைதான். தமிழில் இந்தச் செடிக்குத் திருநீற்றுப்பச்சிலைன்னு அழகான பெயரே இருக்கு. நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் சப்ஜா வாங்கி, பால்கனித் தொட்டியில் தூவி, வெயில் படுற இடத்தில் வெச்சா ஒரு வாரம், பத்து நாளில் முளை விடும். கடையில் கிடைக்கிற இத்தாலிய வகையைவிட இதுக்குக் காரமான வாசனை கொஞ்சம் தூக்கல், அதனால இலையைக் குறைச்சுப் போடுங்க.

நம்ம வீட்டுத் துளசி இதோட சொந்தக்காரச் செடிதான். ஆனா காட்டம் அதிகம், அப்படியே மாத்திப் போட முடியாது. பேசில் கிடைக்கலைன்னா புதினாவோ மல்லித்தழையோ போதும்.

தேவையானவை (8 பேருக்கு, தலைக்கு 3 துண்டு)

பகெட் - 1 (சுமார் 250 கிராம், சாய்வாக வெட்டினால் 24 துண்டுகள் வரை வரும்)
பழுத்த தக்காளி - 750 கிராம்
பூண்டு - 4 பல்
எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் ஆயில் - 6 டேபிள்ஸ்பூன்
பேசில் - 20 இலைகள்
உப்பு - முக்கால் டீஸ்பூன்
மிளகுத்தூள் - அரை டீஸ்பூன்

செய்முறை

1. தக்காளியைப் பாதியா வெட்டி, விதையை ஸ்பூனால் வழிச்சு எடுத்துட்டு, சதையை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளா நறுக்குங்க.

2. உப்பு சேர்த்துப் பிசிறி, வடிகட்டியில் போட்டு 20 நிமிஷம் விடுங்க. மாங்காயில் உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல, அதே மாதிரி இதுவும் விடும். இந்த ஸ்டெப்பைத் தவிர்த்தா, அந்தத் தண்ணி மொத்தமும் பிரெட்டுக்குள் இறங்கும். வடிஞ்ச சாற்றையும் விதையையும் கொட்டிடாதீங்க, ராத்திரி ரசத்துக்கு ஆச்சு.

3. வடிஞ்ச தக்காளியில் ஒரு பல் பூண்டைத் துருவிப் போட்டு, 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள் சேர்த்துக் கலந்து வைங்க. பேசில் இப்போ வேண்டாம். முன்னாடியே நறுக்கிப் போட்டா கறுத்துடும்.

4. தோசைக்கல்லைக் காய வெச்சு, மிதமான தீயில் பிரெட்டை எண்ணெய் இல்லாம போடுங்க. பக்கத்துக்கு ரெண்டு முதல் மூணு நிமிஷம். கரண்டியால் லேசா அழுத்துங்க. பொன்னிறமா ஆகி, அங்கங்கே கரும்புள்ளி வந்தா சரியான பதம். ரெண்டு அடுப்பிலும் கல் வெச்சா 24 துண்டுக்கு 15, 20 நிமிஷம் ஆகும். ஓ.டி.ஜி இருந்தா 200 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிஷம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடுங்க. ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 4, 5 நிமிஷம். சப்பாத்தி சுடுற கம்பி வலை இருந்தா, நேரடி நெருப்பில் சுட்டுப் பாருங்க. கரி நெருப்பு ருசிக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்துடும்.

5. சூடா இருக்கும்போதே தோல் உரிச்ச பூண்டைப் பிரெட் மேல ஒரு தடவை தேய்ங்க. சுட்ட பிரெட்டின் சொரசொரப்பு, துருவி மாதிரி பூண்டைத் துருவி எடுத்துக்கும். ஒரு தடவைன்னா ஒரு தடவைதான். அதுக்கு மேல தேய்ச்சா ராத்திரி முழுக்க பூண்டு வாசனைதான்!

6. சாப்பிடும்போது ஒவ்வொரு துண்டிலும் சில சொட்டு எண்ணெய், ஒரு ஸ்பூன் தக்காளி, பிய்ச்ச பேசில் இலை. வெச்ச பத்து நிமிஷத்துக்குள் வாய்க்குள் போயிடணும்.

நமத்துப் போகாம இருக்க...

கடலும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பக்கத்திலேயே இருக்கிற ஊர் நம்மளோடது. பொரிச்ச அப்பளமே அரை மணி நேரத்தில் நமத்துப் போற காத்து. அதனால ரெண்டு விஷயத்தைக் கடைப்பிடிங்க.

சுட்ட பிரெட்டைத் தட்டில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க. உள்ளே இருக்கிற ஆவி வெளியேற வழி இல்லாம அடித்துண்டு ஈரமாகிடும். கம்பித்தட்டிலோ, கவிழ்த்து வெச்ச ஓட்டைத் தட்டிலோ பரப்பி ஆற விடுங்க. முழுசா ஆறினதும் டைட்டா மூடுற டப்பாவில் போட்டுடுங்க. அப்படியும் மொறுமொறுப்பு குறைஞ்சா, ஒரு நிமிஷம் சூடான கல்லில் போட்டு எடுத்தா போதும்.

அடுத்தது, முன்கூட்டியே தக்காளியை வெச்சு அடுக்கி, அழகா தட்டு ரெடி பண்ணாதீங்க. இன்ஸ்டா போட்டோவுக்கு நாலு துண்டு அடுக்குங்க, தப்பில்லை. மத்தது எல்லாம் தனித்தனியா டேபிளுக்குப் போகட்டும்.

6.30-க்கு விருந்தாளி... டைம் டேபிள் இதோ!

5.45: தக்காளி நறுக்கி, உப்பு போட்டு வடிய விடுங்க.
6.05: தக்காளி வடிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு அடுப்பிலும் பிரெட் சுட ஆரம்பிங்க. பூண்டு தேய்க்க வீட்டில் இருக்கிற இன்னொருத்தரைக் கூப்பிடுங்க.
6.25: அடுப்பு ஆஃப். தக்காளிக் கலவையை ரெண்டு கிண்ணமா பிரிச்சு, ஒண்ணை ஃப்ரிட்ஜில் வைங்க.
6.30: டேபிளில் பிரெட், தக்காளி, எண்ணெய், பேசில், உப்பு. 'செல்ஃப் சர்வீஸ்தான், வாங்க'ன்னு சொல்லிட்டு நீங்களும் உட்காருங்க.

தக்காளிக்குப் பதிலா வேற என்ன?

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது ஞாபகம் இருக்கா? மறுபடி அப்படி ஒரு சீசன் வந்தா கவலை வேண்டாம். பூண்டு, எண்ணெய், உப்பு மட்டும் போட்ட பழைய ஸ்டைலே அபாரமா இருக்கும். இன்னும் சில ஐடியாக்கள்...

மாங்காய்: கிளிமூக்கு மாங்காயைப் பொடியா நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் கடலை எண்ணெய். பீச் மாங்காய் ஸ்டைல்!

தயிர்: கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வடிய விட்டா க்ரீம் மாதிரி வரும். அதைத் தடவி, வெள்ளரிக்காய், மிளகுத்தூள் சேருங்க.

கத்திரிக்காய்: பெரிய கத்திரிக்காயை நெருப்பில் சுட்டு, தோல் உரிச்சு மசிச்சு, பூண்டு, எலுமிச்சைச் சாறு கலந்தா போதும்.

நெத்திலி: பிரெட், வெண்ணெய், உப்பிட்ட ஆன்சோவி மீன் இத்தாலியில் பிரபலமான கூட்டணி. நம்ம நெத்திலியும் அதே குடும்பத்து மீன்தான். மொறுமொறுன்னு வறுத்த நெத்திலியை வெண்ணெய் தடவின பிரெட் மேல வெச்சுப் பாருங்க.

வெயில் காலத்தில் இதை மறக்காதீங்க

வெட்டின தக்காளி, தயிர், மீன் எதுவா இருந்தாலும் வெளியில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினா ஒரு மணி நேரம்தான். ரெண்டு கிண்ணமா பிரிச்சு வைக்கச் சொன்னது அதனாலதான்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊற வெச்சு, 'கார்லிக் ஆயில்'னு வெளியில் நாள்கணக்கில் வைக்காதீங்க. காத்து புகாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். அன்னிக்குத் தேவையானதை அன்னிக்கே செஞ்சு முடிங்க.

டிப்புக்கு மயோனைஸ் வைக்கிற பழக்கம் இருக்கா? பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதிச்சது. அதில் பரவக்கூடிய கிருமிகள்தான் காரணம். ப்ருஸ்கெட்டாவுக்கு மயோனைஸ் தேவையே இல்லை. மேலே சொன்ன கட்டித் தயிரே தாராளம்.

உங்கள் சந்தேகங்கள்

சீஸ் போடலாமா?
போடலாம். ஆனா உருகின சீஸ் தக்காளியோட ஃப்ரெஷ்ஷான சுவையை அமுக்கிடும். உதிர்த்த பனீர் கொஞ்சம் தூவினா பேலன்ஸா இருக்கும்.

க்ரோஸ்தினியும் இதுவும் ஒண்ணா?
சொந்தம்தான். க்ரோஸ்தினி சின்னதா, மெல்லிசா இருக்கும். ப்ருஸ்கெட்டா பெருசு, தடிமன்.

வெங்காயம்?
ஒரிஜினலில் கட்டாயம் இல்லை. பிடிக்கும்னா சின்ன வெங்காயம் ரெண்டு, பொடியா நறுக்கிச் சேருங்க.

தாத்தா, பாட்டிக்குக் கடிக்க முடியுமா?
ஓடு கெட்டியா இருக்கும், பல்செட் போட்டவங்களுக்குக் கஷ்டம்தான். அவங்களுக்கு மட்டும் ஓட்டை வெட்டிட்டு, தக்காளியைக் கொஞ்சம் முன்னாடியே வெச்சு ஊற விட்டுக் கொடுங்க.

பிரெட் மிச்சமாயிடுச்சே?
டஸ்கனியில் அதுக்கும் ஒரு டிஷ் இருக்கு, பேரு 'பான்ஸனெல்லா'. மிச்ச பிரெட்டைத் தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்சு உதிர்த்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரிக்காய், எண்ணெய், கொஞ்சம் வினிகர் சேர்த்துப் பிசிறினா மறுநாள் காலை சாலட் ரெடி. கடைசியா மிஞ்சுற ஓரங்களை மிக்ஸியில் பொடிச்சு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைங்க. அடுத்த தடவை கட்லெட் போடும்போது கிரம்ஸ் வாங்க கடைக்கு ஓட வேண்டாம்.